ஆணி அடிக்காத அலமாரி

முட்டியில் தைலம் தடவிக்கொண்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். ஒருத்திக்குச் சாமி வந்து ஆடும்போது, பேசுவது சாமியா அவளா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? என் பிள்ளைகளிடம் கேட்டால் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். பம்பைச் சத்தம் கேட்டால் நமக்கெல்லாம் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கத்தானே செய்கிறது. நானும் பலரிடம் பல விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

எங்கள் அத்தையைப் பற்றித்தான் சொல்கிறேன். நைனாவுக்கு மூத்தவள். அப்பாவை நைனா என்றுதான் எங்கள் பக்கத்தில் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை அவ்வளவு கிட்டே. அத்தையைக் கட்டியவர் அந்த எல்லையைத் தாண்டிச் சூளை வேலைக்குப் போனார், போன இடத்தில் இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். அத்தை பிறந்த ஊருக்குத் திரும்பி வந்தாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு வெளியே எங்கள் நெல் கழனி இருந்தது, கழனி மேட்டில் மோட்டார் ரூம் இருந்தது. அதற்குள் பாயும் அடுப்பும் போட்டுக்கொண்டாள். ரூமை ஒட்டிப் பெரிய வேப்பமரம். அதற்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, விளக்கேற்றினாள். ஓரிரு ஆடி போனதும் அவளுக்குச் சாமி வர ஆரம்பித்தது. அதுவரை புருஷன் விட்டுப் போனவள் என்று இருந்த பேர் மாறி, வேப்பமரத்து அம்மா என்று ஆகிவிட்டது.

சாமி வந்தால் அத்தை குறி சொல்வாள். காணாமல் போன மாடு, தள்ளிப் போகிற கல்யாணம், எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. எங்கள் அம்மாவின் முறை வரும்போது மட்டும் அத்தை மேல் இறங்கிய ஆத்தா ரொம்பக் குடும்ப விஷயமாகப் பேசுவாள்.

"நல்ல நாளு பெரிய நாளுல கூட என் கொயந்தைக்கு ஒரு வாய் சூடா சோறு போட்டியாடி?" என்று அத்தை தலையை விரித்துக்கொண்டு கேட்பாள். கொயந்தை என்றால் அத்தைதான். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டுவாள். "ஊர்ல எத்தினி பேரு கீறாங்க! ஆத்தாவுக்கு என் ஊட்டு சோத்துப் பானைய எட்டிப் பாக்கறதே வேலையா?" என்பாள். எனக்கு ஆத்தா மேலும் பயம், அம்மா மேலும் பயம். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நான் யார் பக்கமும் பேசவில்லை.

அப்புறம் கம்பெனிகளுக்காக நிலம் எடுத்தார்கள். எங்கள் கழனியும் அதில் போனது. இப்போது அந்த மேட்டில் லாரி எடை போடும் மேடை இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் அதில் ஏறி இறங்குகின்றன. நான் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன்; எந்த இடத்தில் மரம் நின்றது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

பொங்கல் கழிந்து, கடைசி அறுப்பும் முடிந்த பிறகு மரம் வெட்ட ஆள் வந்தது. எங்கள் ஊர்க்காரன் எவனும் அந்த மரத்தின் மேல் கோடாலி வைக்க மாட்டான் என்று வெளியூர் ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள். நைனா கற்பூரத் தட்டோடு மன்னிப்புக் கேட்கப் போனார். கிளைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தைக்குச் சாமி வந்துவிட்டது. பம்பையும் இல்லை, உடுக்கையும் இல்லை. தானாகவே வந்தது.

"என்னெ எங்கடா வெக்கப் போற?" என்று நைனாவின் சட்டையைப் பிடித்தாள். "எடத்த எயுதிக் குடுத்துட்ட. மரத்த சாய்க்கப் போற. நான் எங்கடா போயி குந்துவேன்?"

நைனா நெஞ்சு ஈரம் உள்ள மனிதர், ஆனால் அந்தச் சமயத்துக்கு வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல்லிவிடுகிற மனிதர். "ஆத்தா, உன் மரத்துலயே உனக்கு ஒரு அலமாரி செய்றேன். கதவு வெச்சி, கோயிலாட்டம் வெச்சி, வெள்ளிக்கெயம தவறாம வெளக்கு ஏத்தறேன்" என்று தட்டின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். அத்தை சட்டையை விட்டாள். மரம் சாய்ந்தது.

அங்கே நின்ற அத்தனை பேரும் ஆத்தாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் மோட்டார் ரூமையும் இடித்தார்கள். அதற்குள் குடியிருந்தவள் எங்கே போவாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியவர்கள் எல்லோருக்கும் அப்படி எப்படி மறந்து போனது என்பது எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

அத்தை ஒரு துணி மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஒரு அறை, ஒரு சமையல் கட்டு, ஒரு நடை. அவ்வளவுதான் எங்கள் வீடு. அம்மா ஒரு முடிவு சொன்னாள்.

"அலமாரி முடியற வரைக்கும் அண்ணி இங்க இருக்கட்டும். முடிஞ்ச பொறவு அலமாரிய என் தம்பி பட்டறைக்குப் பின்னாடி கீற ஷெட்ல வெச்சிடலாம். அண்ணியும் அங்கயே இருந்துகினு பூசைய பாத்துக்கட்டும். சாமிய இந்த ஊட்டுக்குள்ள வெச்சிக்கினு நானும் என் பொண்ணும் மாசத்துல அந்த மூணு நாளு எங்க போயி குந்தறது? ஒரு கருவாடு சுட முடியுமா?"

"அதுவும் நாயந்தான்" என்றார் நைனா. நைனாவுக்கு யார் சொன்னாலும் நியாயம்தான்.

அத்தை நடையில் மூட்டையை வைத்து, அதன் மேலேயே தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள். அலமாரி என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு அத்தை போய்விடுவாள். எனக்கு அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

அம்மாவின் தம்பிக்குப் புதுவாயல் கூட்டு ரோட்டில் மரப்பட்டறை. எனக்கு மாமா. பட்டறை என்றதும் கட்டிலும் நிலையும் செய்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிகளுக்கு வருகிற, போகிற மிஷின்களுக்குப் பெட்டி அடிக்கிற இடம் அது. பலகையை வைப்பது, ஆணியை இறக்குவது, அடுத்த பலகை. மாமா வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார். ஆணி இல்லாத நேரத்தில் அவர் பேசினால் எங்களுக்கு வேறு யாரோ பேசுவது போல இருக்கும். அவர் ஜென்மத்தில் ஒரு அலமாரி செய்ததில்லை. ஆனால் நைனா கேட்டதும், "பெட்டிய நிமுத்தி கதவு வெச்சா அலமாரி. இதுல இன்னா கீது மாமா?" என்று ஒப்புக்கொண்டார்.

மரம் அறுவை மில்லுக்குப் போய்ப் பலகையாகத் திரும்பி வந்தது. வெளியே அவ்வளவு கறுப்பாக இருந்த மரம் உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. நிழலில் அடுக்கி, பலகைக்குப் பலகை குச்சி கொடுத்துக் காய விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அத்தையும் மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவோம். பட்டறையில் நுழையும்போதே அந்தக் கசப்பு மூக்கில் ஏறும். ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் மரத்தூள் எழும்பி உதட்டில் ஒட்டும். வீட்டுக்கு வந்து வெல்லம் தின்றாலும் நாக்கு கசக்கும். டீசல் நாற்றம், எதிர்க் கடைப் பரோட்டா வாசனை, வேம்புக் கசப்பு மூன்றும் கலந்த ஒரு காற்று அங்கே வீசும். இப்போது எந்தக் கடையில் வாங்கினாலும் கிடைக்காத வாசனை.

மாமா முதல் பலகையை எடுத்து ஆணியைக் குறி வைத்த அன்றைக்குத்தான் பேஜாரு ஆரம்பித்தது.

"தம்பி, அவ ஒடம்புல ஆணி எறக்காத" என்றாள் அத்தை.

மாமா வாயிலிருந்த ஆணிகளை எல்லாம் உள்ளங்கையில் துப்பினார். "ஆணி இல்லாம எப்பிடிக்கா நிக்கும்? நான் இன்னா மந்திரவாதியா?"

"அது எனக்குத் தெரியாது. அவ சொல்றா, நான் சொல்றேன்."

ஆத்தா சொன்னால் மறுபேச்சு ஏது? மாமா ஆரணிக்குப் போய், மரத்தில் துளை போட்டு இன்னொரு மரத்தைச் செருகுவது எப்படி என்று யாரிடமோ பார்த்துவிட்டு வந்தார். முதலில் அவர் கோத்த சட்டம் குடித்துவிட்டு நிற்பவனைப் போல ஆடியது. அடுத்தது செருகும்போதே பிளந்தது. நல்ல பலகைகள் சில விறகாகிப் போயின. பிறகு மூங்கிலைச் சீவி முளை அடித்து இறுக்கக் கற்றுக்கொண்டார். சட்டம் நின்றது. கதவு மாட்ட இரும்புக் கீல் வாங்கி வந்தார். கீலும் இரும்புதானே என்றாள் அத்தை. அந்தக் கீல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பலகையின் மூலையிலேயே முளை விட்டுக் குழியில் சுழல்கிற பழைய மாதிரிக் குடுமிக் கதவு செய்தார். அமாவாசையில் உளி படக் கூடாது. செவ்வாயில் ரம்பம் படக் கூடாது. ஆத்தாவுக்கு நாளுக்கு நாள் நிபந்தனை கூடிக்கொண்டே போனது.

எல்லாவற்றையும் விட மோசமானது கதவுப் பலகை விவகாரம். மரத்தை நிறுத்தும்போது வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நிலைக்கும் தூணுக்கும் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பெட்டி அடிக்கிறவருக்கு அந்தக் கவலையே கிடையாது. மில்லிலிருந்து வந்த பலகையில் எது அடி, எது நுனி என்று அவர் குறி போட்டு வைக்கவில்லை. இரண்டு கதவும் மாட்டி முடித்த மறுநாள் அத்தை வந்து, கிளை முளைத்த கண் ஒன்றில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"இது தலகீயா நிக்குது தம்பி. ஆத்தாவ தலகீயா தொங்க உட்டா குடும்பம் வெளங்குமா?"

மாமா பலகையைக் கழற்றி இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். அவருக்கு எந்தப் பக்கமும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நானும் குனிந்து பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கதவு இரண்டையும் பிரித்து முதலிலிருந்து செய்தார். இந்த முறை ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும், மிஷின் பெட்டியில் போடுவது போலக் கறுப்பு மையில் மேல்நோக்கி அம்புக்குறி போட்டுவைத்தார். பழக்க தோஷத்தில் நனையக் கூடாது என்று ஒரு குடைப் படத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

அத்தை அந்தக் கண்ணை உண்மையிலேயே பார்த்துத்தான் சொன்னாளா? அல்லது இன்னும் கொஞ்ச நாள் எங்கள் வீட்டு நடையில் படுத்திருக்க வேண்டும் என்று சொன்னாளா? ஆணி வேண்டாம் என்றது யார்? கீல் வேண்டாம் என்றது யார்? அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவே இல்லை. அலமாரிக்குள் குடிபோகப் போகிற அதே ஆத்தாவிடம்தான், அலமாரி முடியவே கூடாது என்று நான் தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன். அவளும் சளைக்காமல் வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அத்தை எனக்குத் தலை வாரிப் பின்னினாள். விடிவதற்குள் தண்ணீர் பிடித்து வைத்தாள். பழவேற்காட்டு இறால் வந்தால் அம்மாவும் அவளும் எதிரெதிரே குந்திக்கொண்டு தோல் உரிப்பார்கள். யாரையோ பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். அத்தைக்குச் சூடாகச் சோறு விழுந்தது. ஒரு நாள் மாமா வந்து, "யக்கா, உன் நாத்தனாரு என்னெ சாவடிக்கிறாங்க. கம்பெனி வேலையெல்லாம் நின்னு போய்க் கெடக்குது. நீ கொஞ்சம் சொல்லேன்" என்று அம்மாவிடம் புலம்பினார்.

"சாமி வேலடா. அவசரப்பட்டா ஆவுமா? மெதுவா பண்ணு" என்றாள் அம்மா. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடி என்று முதலில் அவரைத் துரத்தியவளும் இதே அம்மாதான்.

ஆனால் எத்தனை நாள் தள்ள முடியும்? ஆடி பிறப்பதற்கு முன்னால் அலமாரி முடிந்துவிட்டது. நிபந்தனை போட அத்தைக்கும் ஒன்றும் மிச்சம் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. ஒரு பொட்டு இரும்பு கிடையாது. அடியில் மட்டும், கடப்பாரை விட்டு நெம்பிக் கப்பலில் ஏற்ற வசதியாக, பெட்டிக்கு வைப்பது போலவே இரண்டு கட்டைகளை மாமா வைத்திருந்தார். "எதுக்குடா இது?" என்று நைனா கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கழற்றினால் முழுவதும் ஆடிப்போகும் என்பதால் அப்படியே விட்டார்கள்.

பின்னால் இருந்த ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஊரே பட்டறைக்கு வந்துவிட்டது. பம்பைக்காரர்கள் வந்தார்கள். அம்மா கதவுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். நான் ஒரு மூலையில் அழுதுகொண்டு நின்றேன். "சாமி வர்ற நேரத்துல இன்னாடி அயுகை?" என்று யாரோ தலையில் குட்டினார்கள்.

அத்தை குளித்துவிட்டு, விரித்த தலையோடு வந்தாள். பம்பை ஏறியது. எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் இடுப்பில் இடுக்கியிருந்த மூட்டையைப் பூசைச் சாமான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கதவு இரண்டையும் திறந்தாள். குடுமி கிரீச்சென்றது. இடுப்பில் இருந்த மூட்டையை அவிழ்த்து ஒரு புடவையை எடுத்து நடுத்தட்டில் வைத்தாள். ஆத்தாவுக்குச் சாத்துகிற புடவை என்று சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுத்து ஒரு பழைய ரவிக்கை. அதற்கு அடுத்து, சாயம் போன உள்பாவாடை ஒன்று. இன்னொன்று. இன்னொன்று.

பம்பை நின்றுவிட்டது. 

"யம்மா, இன்னா பண்ற நீ? சாமி குத்தம் ஆயிடும்!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது.

"அலமாரில துணி வெக்காம இன்னாத்த வெப்பாங்க?" என்றாள் அத்தை. குறி சொல்லும் குரல் இல்லை. இறால் உரிக்கும்போது பேசுகிற குரல்.

நைனா கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தார். "யக்கா, நான் ஆத்தாவுக்கு வாக்கு குடுத்துக்கீறேன்."

"குடுத்தடா. ஆத்தாவுக்குக் குடுத்த. எனக்கு இன்னா குடுத்த?"

 யார் சொன்னாலும் நியாயம்தான் என்கிறவருக்கு அன்றைக்கு அதுகூட வாயில் வரவில்லை. தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. எனக்கு நைனாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப ஆணியே அடிச்சிருக்கலாமேக்கா!" என்றார் மாமா. கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். வீடு அவளுடையது. சாமியை உள்ளே வைக்க முடியாது என்று சொன்னவளும் அவள்தான். அந்த அலமாரிக்குள் இப்போது சாமி இல்லை, மூன்று உள்பாவாடைகள்தான் இருந்தன.

அம்மா அலமாரியிடம் போனாள். மேலே இருந்த பாவாடையை எடுத்து உதறி, திருத்தமாக மடித்து மறுபடி வைத்தாள். "இப்பிடி சுருட்டி வெச்சா சுருக்கம் வுயாதா அண்ணி?" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "இன்னாடா மொறச்சிகினு நிக்கிற? துணி வெச்ச அலமாரிய ஷெட்ல உட்டா எலி துன்னாதா? ஊட்டுக்குத் தூக்கினு வா" என்றாள்.

அம்மா அன்றைக்குத் தோற்றாளா, இப்படி ஒரு சாக்குக்காக அவளும் காத்திருந்தாளா, எனக்குத் தெரியாது. கடைசிவரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேலையைப் பாருடி என்றுதான் சொல்லியிருப்பாள். மாட்டு வண்டியில் ஏற்றி வந்து நடையில் நிறுத்தினார்கள். நடை அடைத்துக்கொண்டது, ஒருக்களித்துத்தான் சமையல் கட்டுக்குப் போக முடிந்தது. அத்தை அறைக்குள் எங்களோடு படுத்தாள்.

அந்த ஆடியில் அத்தைக்குச் சாமி வரவில்லை. பம்பையை அவள் காதோரம் வைத்து அடித்துப் பார்த்தார்கள். அவள் கொட்டாவி விட்டாள். அடுத்த ஆடியிலும் வரவில்லை, அதற்குப் பிறகு எப்போதும் வரவில்லை. ஆத்தா கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று சிலர் சொன்னார்கள். இத்தனை காலம் நடித்திருக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். இரண்டையும் என்னால் நம்ப முடியவில்லை. மரத்தடியில் அவள் உடம்பு தூக்கிப் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அது நடிப்பு இல்லை. பெண்பிள்ளை ஒருத்தி தனக்கு ஒரு இடம் வேண்டும் என்று தன் குரலில் கேட்டால் அந்த ஊரில் யார் காது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால், அது சாமியும் இல்லையோ என்று தோன்றுகிறது. இந்த வயதில் இதற்கு மேல் எனக்கு யோசிக்க வரவில்லை.

அப்போது மனசு கேட்காமல் அவளிடமே ஒரு முறை கேட்டுவிட்டேன். நடையில் உட்கார வைத்து எனக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, ஆத்தா இப்ப எங்க கீறா?"

சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு என் தலையைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டாள்.

"அவளுக்கு ஊரெல்லாம் மரம் கீதுடி. எனக்கு இந்த ஊடு ஒண்ணுதான்."